பொதுவாழ்வில் சமயத்தின் இடம்: அமெரிக்கப் பழமைவாதிகளின் பார்வைகள்

அமெரிக்க அரசியலமைப்பில் 1791இல் சேர்க்கப்பட்ட முதல் திருத்தம் சமயத்தைப் பற்றி இரண்டே செய்திகளைச் சொல்கிறது. எந்தச் சமயத்தையும் அரசுச் சமயமாக நிறுவும் சட்டத்தைக் காங்கிரஸ் இயற்றலாகாது என்பது ஒன்று. சமயத்தைத் தடையின்றிக் கைக்கொள்ளும் உரிமையைப் பறிக்கும் சட்டத்தையும் இயற்றலாகாது என்பது மற்றொன்று. ஆங்கில மூலத்தில் இவ்விரண்டும் சேர்ந்து 16 சொற்கள்தாம். பள்ளியில் வழிபாடு, நீதிமன்ற வாசலில் பத்துக் கட்டளைகள், சமயப் பள்ளிக்கு அரசுப் பணம், மனச்சான்றின் பேரில் சட்டத்திலிருந்து விலக்கு என்று அந்நாட்டை அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அலைக்கழிக்கும் வழக்குகள் எல்லாம் இந்த 16 சொற்களைச் சுற்றியே எழுந்தவை.

இந்த வழக்குகளில் பழமைவாதிகள் அனைவரும் ஒரே குரலில் பேசுகிறார்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியன்று. அவர்களுக்குள் நெடுநாளாக வேறுபட்ட நிலைப்பாடுகள் இருந்துவருகின்றன. அரசு சமயத்தின் பக்கம் கைநீட்டாமல் இருந்தாலே போதும், மற்றதைச் சபைகளும் குடும்பங்களும் பார்த்துக்கொள்ளும் என்பது சிலருடைய கட்சி. நாட்டின் மரபு கிறித்தவ மரபு, அதை அரசு வெளிப்படையாக மதிக்க வேண்டும் என்பது வேறு சிலருடையது. அண்மையில் வலுப்பெற்ற மூன்றாவது கூட்டம் இன்னும் மேலே போய், அரசதிகாரமே சமயம் காட்டும் நன்மைக்காகச் செயல்பட வேண்டும் என்கிறது. மூவரும் ஒரே வேட்பாளருக்கு வாக்களிப்பதால் வேறுபாடு வெளியே தெரிவதில்லை. நீதிமன்றத்திலும் புத்தகங்களிலும் அது பளிச்சென்று தெரிகிறது.

பழமைவாதிகளின் வாதம் பெரும்பாலும் வரலாற்றிலிருந்தே தொடங்கும். அரசுக்கும் சபைக்கும் நடுவே ‘பிரிவினைச் சுவர்’ இருக்கிறது என்ற சொற்றொடர் அரசியலமைப்பில் இல்லை. அது 1802 ஜனவரி 1 அன்று குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன், கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி பாப்டிஸ்ட்களுக்கு எழுதிய கடிதத்தில் வருவது. முதல் திருத்தம் கட்டுப்படுத்தியது மைய அரசை மட்டுமே. சில மாநிலங்கள் தங்கள் அதிகாரப்பூர்வச் சபைகளை வைத்துக்கொண்டிருந்தன. கனெக்டிகட் 1818இலும் மாசசூசெட்ஸ் 1833இலும்தான் அவற்றைக் கைவிட்டன. முதல் தலைமுறை அமெரிக்கா சமயமற்ற பொதுவெளியைக் கனவு கண்டது என்று சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது என்று பழமைவாத அறிஞர்கள் வாதிடுவதற்கு இதுவே அடிப்படை. பின்னாளில் தலைமை நீதிபதியான வில்லியம் ரென்குவிஸ்ட் 1985இல் அலபாமாப் பள்ளி வழக்கில் எழுதிய மாறுபட்ட தீர்ப்பு இந்த வாதத்தை முழுமையாக எடுத்துவைத்தது.

இந்த வரலாற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஜெஃபர்சனுக்கு எழுதிய டான்பரிக்காரர்கள் நாத்திகர்கள் அல்லர், ஆழ்ந்த பக்தர்கள். தங்கள் மாநிலத்தின் அரசுச் சபைக்கு அஞ்சி வாழ்ந்த சிறுபான்மையினர். அதே நாளில் ஜான் லேலண்ட் என்ற பாப்டிஸ்ட் போதகர், மாசசூசெட்ஸின் செஷயர் ஊரார் செய்த ஆயிரத்து இருநூறு பவுண்டுக்கு மேல் எடையுள்ள பாலாடைக் கட்டியை வெள்ளை மாளிகைக்குக் கொண்டுவந்து ஜெஃபர்சனுக்குப் பரிசளித்தார். அரசு சமயத்தில் தலையிடாது என்று உறுதி தந்த தலைவருக்கு அந்தப் பக்தர்கள் காட்டிய நன்றி அது. சமயத்தையும் அரசையும் பிரித்துவைப்பதை முதலில் வற்புறுத்தியவர்களில் மிகுந்த சமயப் பற்றுள்ளவர்கள் இருந்தார்கள் என்பதைப் பழமைவாதத்தின் ஒரு பகுதி மறந்துவிட்டது. மறக்காத பகுதி இன்றும் இருக்கிறது. அதன் வாதமே அறிவளவில் வலிமையானது.

அறிவுலகில் இவர்கள் பெயர் சொல்லும் மூதாதையர் இருவர். ஒருவர் எட்மண்ட் பர்க். பிரெஞ்சுப் புரட்சி திருச்சபைச் சொத்துகளைப் பறிமுதல் செய்ததைக் கண்டு 1790இல் அவர் எழுதிய நூல், சமயமே சமூக வாழ்வின் அடித்தளம் என்றது. ஆனால் பர்க் ஆதரித்தது இங்கிலாந்தின் அரசுச் சபையை. அவரை அப்படியே அமெரிக்காவுக்கு இறக்குமதி செய்ய இயலாது. மற்றவர் அலெக்சிஸ் தெ தொக்வில். சிறைகளை ஆராய 1831இல் வந்த இந்த இளம் பிரெஞ்சுக்காரர் எழுதிய ‘அமெரிக்காவில் மக்களாட்சி’ 1835இலும் 1840இலும் இரண்டு பகுதிகளாக வெளிவந்தது. ஐரோப்பாவில் சமய உணர்வும் விடுதலை உணர்வும் எதிரெதிர்த் திசையில் போவதையே கண்டு வளர்ந்த அவருக்கு, அமெரிக்காவில் இரண்டும் சேர்ந்து நடந்தது பெருவியப்பாக இருந்தது. காரணம் கேட்டபோது கத்தோலிக்கக் குருமார் உட்படப் பலரும் ஒரே விடையைச் சொன்னார்கள்: சபையும் அரசும் தனித்தனியே இருப்பதுதான் காரணம். சமயம் ஓர் ஆட்சியோடு கூட்டுச் சேர்ந்தால் சிலர்மேல் அதற்குள்ள செல்வாக்குக் கூடும். எல்லோர்மேலும் செல்வாக்குச் செலுத்தும் வாய்ப்புப் போய்விடும். அந்த ஆட்சி விழும்போது அதுவும் சேர்ந்து விழும். தொக்வில் கண்ட முடிவு இது.

அதே தொக்வில், சட்டம் அனுமதிப்பதையெல்லாம் செய்துவிடாதபடி மக்களைத் தடுத்துவைப்பது சமயம் தரும் ஒழுக்கமே என்றும் கண்டார். ஜார்ஜ் வாஷிங்டனும் 1796இல் வெளியிட்ட பிரியாவிடை உரையில் இதே கருத்தைச் சொல்லியிருந்தார். சுதந்திரமான நாட்டில் காவலரின் எண்ணிக்கை குறைவாக இருக்க வேண்டுமானால் மனிதர் தம்மைத் தாமே ஆளக் கற்றிருக்க வேண்டும். அந்தக் கல்வியை அரசு தர இயலாது. குடும்பமும் ஆலயமும் ஊர்ச் சங்கங்களும்தாம் தரும். ஆகவே இவற்றை நலிவுறச் செய்யும் எந்த அரசுக் கொள்கையும் சுதந்திரத்தையே நலிவுறச் செய்கிறது. பழமைவாதத்தின் மையக் கருத்து இதுவே. இதை ஏற்காதவரும் எளிதில் தள்ளிவிட முடியாத கருத்து இது.

இன்றைய சண்டையின் தொடக்கம் 1962. நியூயார்க் மாநிலக் கல்வி வாரியம் பள்ளிகளுக்காக 22 சொற்களில் ஒரு பொது வழிபாட்டு வாசகம் எழுதியிருந்தது. எல்லாச் சமயத்தாரும் சொல்லத்தக்கதாக, யாரையும் புண்படுத்தாததாக இருக்க வேண்டும் என்பது நோக்கம். ஏங்கல் எதிர் விட்டாலே வழக்கில் 6–1 என்ற கணக்கில் உச்சநீதிமன்றம் அதைத் தள்ளியது. மக்களுக்கான வழிபாட்டை இயற்றித் தருவது அரசின் வேலையன்று என்றார் தீர்ப்பெழுதிய ஹியூகோ பிளாக். மறுஆண்டு ஆபிங்டன் எதிர் ஷெம்ப் வழக்கில் பள்ளிகளில் விவிலியம் வாசிக்கும் சடங்கும் தடைபட்டது. இரண்டிலும் மாறுபட்டு எழுதியவர் பாட்டர் ஸ்டூவர்ட் ஒருவரே.

பொதுமக்களிடையே கொந்தளிப்பு பெரிதாக இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன்னர்தான், 1954இல் தேசியக்கொடி உறுதிமொழியிலும் 1956இல் தேசியக் குறிக்கோளுரையிலும் கடவுளின் பெயர் சேர்ந்திருந்தது. சோவியத் நாத்திகத்துக்கு எதிரே நிற்கும் தேசம் என்ற பெருமிதத்தில் வளர்ந்த தலைமுறைக்குப் பள்ளியிலிருந்து வழிபாடு நீங்கியது அடிபட்டதுபோல் இருந்தது. ஆயினும் பாப்டிஸ்ட்களில் பலர் அந்தத் தீர்ப்பை ஆதரித்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. யாருக்கும் எதிர்ப்பில்லாதபடி அரசு வாரியம் வடித்தெடுத்த வழிபாடு உண்மையான வழிபாடாகாது என்பது அவர்கள் எண்ணம். பள்ளி வழிபாட்டை மீட்கும் அரசியலமைப்புத் திருத்தம் 1984 மார்ச்சில் செனட்டில் 56–44 என்ற வாக்குகளைப் பெற்றது. மூன்றில் இரண்டு பங்குக்கு 11 வாக்குகள் குறைந்ததால் தோற்றது. குடியரசுத் தலைவர் ரீகன் முழு மூச்சாக ஆதரித்தும் இந்த நிலை.

இவாஞ்சலிக்கல் கிறித்தவர்கள் அரசியலில் திரளாக இறங்கியது எழுபதுகளின் இறுதியில்தான். வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க் நகரப் போதகர் ஜெரி ஃபால்வெல் 1979இல் ‘மாரல் மெஜாரிட்டி’ அமைப்பைத் தொடங்கினார். இதே ஃபால்வெல் 1965இல், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது, போதகர்களின் வேலை ஆன்மாக்களை மீட்பதே, ஊர்வலம் போவதன்று என்று பிரசங்கம் செய்திருந்தார். அந்தக் கருத்தைப் பின்னர் அவரே தவறென்று கைவிட்டார். இயக்கத்தைத் திரட்டிய காரணங்களில் 1973இன் கருக்கலைப்புத் தீர்ப்பு முதன்மையானதாகச் சொல்லப்படுகிறது. அத்தோடு, நிறவேற்றுமை காட்டிய தனியார் கிறித்தவப் பள்ளிகளின் வரிவிலக்கை வருமானவரித் துறை நீக்கியதும் பெரும்பங்கு வகித்தது என்று வரலாற்றாசிரியர் சிலர் காட்டுகிறார்கள். பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழக வழக்கில் 1983இல் உச்சநீதிமன்றம் 8–1 என்று அரசின் பக்கமே நின்றது. இந்த இரண்டாவது காரணத்தைப் பழமைவாத எழுத்துகள் பெரும்பாலும் தொடாமலே போய்விடுகின்றன. நேர்மையாகப் பேசும் எவரும் அதைத் தொட்டே ஆக வேண்டும். ஒழுக்கத்தின் பெயரால் பொதுவெளிக்கு வருபவர்களுக்கு அந்தக் கடமை கூடுதலாகவே உண்டு.

பழைய பழமைவாதிகள் எல்லோரும் இந்த எழுச்சியை வரவேற்கவில்லை. நவீன அமெரிக்கப் பழமைவாதத்தின் தந்தை எனப்படும் அரிசோனா செனட்டர் பேரி கோல்ட்வாட்டர் 1981 செப்டம்பரில் செனட்டில் எழுந்து, சமயக் குழுக்கள் உறுப்பினர்களை மிரட்டுவதைக் கடுமையாகக் கண்டித்தார். அரசியல் என்பது விட்டுக்கொடுத்துப் பேசித் தீர்க்கும் கலை. கடவுளின் ஆணை என்று வாதிடுபவரிடம் பேசித் தீர்க்க எதுவும் இல்லை என்பது அவர் கவலை.

இந்தக் கவலைக்குப் பழமைவாதத்துக்குள்ளிருந்தே வந்த சிறந்த விடை, ரிச்சர்ட் ஜான் நியூஹவுஸ் 1984இல் எழுதிய நூல். ஆடையற்று நிற்கும் பொதுச் சதுக்கம் என்பதே அதன் தலைப்பில் உள்ள படிமம். நியூஹவுஸ் அப்போது லூத்தரன் போதகர். 1990இல் கத்தோலிக்கராகி மறுஆண்டு குருப்பட்டம் பெற்றார். அறுபதுகளில் மார்ட்டின் லூதர் கிங்குடன் நடந்தவர், வியட்நாம் போரை எதிர்த்தவர். அவருடைய வாதத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். பின்வந்த பழமைவாத எழுத்தின் பெரும்பகுதி அதன் கிளைகளே.

சமயத்தை வெளியேற்றிய பொதுவெளி வெறுமையாக நீடிக்காது என்றார் அவர். எது நல்லது, எதற்காக உயிரைக் கொடுக்கலாம், யாருடைய உயிர் காக்கத்தக்கது என்ற கேள்விகளுக்கு விடை சொல்லாமல் எந்த அரசும் சட்டம் இயற்ற இயலாது. சமயம் தரும் விடைகளைத் தகுதியற்றவை என்று ஒதுக்கினால், அந்த இடத்தில் அரசே இறுதி விடைகளைத் தரும் சமயமாக வந்து அமரும். இருபதாம் நூற்றாண்டின் சர்வாதிகாரங்களை அவர் எச்சரிக்கையாகக் காட்டினார். சமயம் தனிமனித விவகாரம், வீட்டோடு நிற்கட்டும் என்ற விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்திருந்தால் அடிமை முறை ஒழிப்பு இயக்கம் எழுந்திராது. கிங் 1963இல் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் அகஸ்டினையும் தாமஸ் அக்வினாசையும் சான்று காட்டி அநீதியான சட்டம் சட்டமே அன்று என்று வாதிட்டிருக்க முடியாது. கிங்கின் பக்தியைப் போற்றிவிட்டு, தமக்குப் பிடிக்காத கொள்கையோடு வரும் பக்தியை மட்டும் பொதுவெளிக்கு ஒவ்வாதது என்று சொல்வது நியாயமாகாது. இந்த இடத்தில் நியூஹவுஸுக்குச் சரியான மறுமொழி இன்றுவரை வரவில்லை என்றே சொல்ல வேண்டும்.

அதே நூல் ஃபால்வெல் கூட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. தனக்கு மட்டும் வெளிப்பட்ட உண்மையை வைத்துக்கொண்டு பொதுச் சட்டத்தைக் கோருவது தவறு. பொதுவெளிக்கு வரும் சமயம், தன் நம்பிக்கையில் இல்லாதவரும் எடைபோடக்கூடிய காரணங்களோடு வர வேண்டும் என்று அது வற்புறுத்தியது. சமயத்துக்குப் பேச உரிமை உண்டு; பேசிப் புரியவைக்கும் கடமையும் உண்டு. நூலைக் கொண்டாடியவர்களில் பலர் முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

நீதிமன்றத்தில் நிலைமை விந்தையான திருப்பம் ஒன்றை 1990இல் கண்டது. ஓரிகன் மாநிலத்தில் போதைமறுவாழ்வு மையத்தில் வேலைபார்த்த இருவர், அமெரிக்கப் பழங்குடிச் சபையின் வழிபாட்டில் பெயோட்டி என்ற கள்ளியை உட்கொண்டதற்காக வேலை இழந்தனர். வேலையிழப்பு உதவித்தொகையும் மறுக்கப்பட்டது. எல்லோருக்கும் பொதுவான சட்டம் ஒருவருடைய சமயச் செயலைத் தற்செயலாகத் தடுத்தால் அதற்கு விலக்குக் கோர உரிமை இல்லை என்று தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி அன்டனின் ஸ்காலியா, பழமைவாதிகளின் நாயகர். விலக்குகளை நீதிபதிகள் ஒவ்வொன்றாக வழங்கத் தொடங்கினால் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே சட்டமாகிவிடுவார்கள் என்று அவர் அஞ்சினார். பக்தர்களோ, பக்தர் அல்லாதோரோடு சேர்ந்து கொதித்தெழுந்தார்கள். அதன் விளைவாக 1993இல் சமய உரிமை மீட்புச் சட்டம் செனட்டில் 97–3 என்று நிறைவேறி, ஜனநாயகக் கட்சியின் பில் கிளிண்டன் கையெழுத்தில் நடைமுறைக்கு வந்தது. சமய உரிமை இரு கட்சிக்கும் பொதுச் சொத்தாக இருந்த கடைசித் தருணம் அதுவே என்று சொல்லலாம்.

பிளவு வந்தது பால், திருமணம் பற்றிய சட்டங்களால். ஊழியர் காப்பீட்டில் சில கருத்தடை முறைகளைச் சேர்க்க மறுத்த கிறித்தவ உரிமையாளர்களின் ஹாபி லாபி நிறுவனம் 2014இல் 5–4 என்று வென்றது, அந்த 1993 சட்டத்தைக் கொண்டே. மறுஆண்டு ஒருபால் திருமணம் நாடெங்கும் உரிமையானது. அதுவரை பெரும்பான்மையின் காவலராகப் பேசிவந்த பழமைவாதிகள் அன்றுமுதல் சிறுபான்மையின் மொழியில் பேசக் கற்றார்கள்: எங்களை வாழவிடுங்கள், எங்கள் பள்ளிகளை, அனாதை இல்லங்களை, கடைகளை எங்கள் நம்பிக்கைப்படி நடத்தவிடுங்கள். ஒருபால் தம்பதியரை வளர்ப்புப் பெற்றோராகச் சான்றளிக்க மறுத்த ஃபிலடெல்ஃபியா கத்தோலிக்கச் சேவை அமைப்பின் வழக்கில் 2021இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அமைப்பின் பக்கம் நின்றார்கள். தீர்ப்பின் எல்லை குறுகியதாக இருந்ததே அந்த ஒற்றுமைக்குக் காரணம்.

சபையின் தன்னாட்சி பற்றிய 2012ஆம் ஆண்டு ஹோசன்னா–டேபர் தீர்ப்பும் 9–0. தன் ஊழியத்தைச் செய்யும் குருமாரும் போதகரும் யார் என்று சபையே முடிவு செய்யும். பணியாளர் சட்டங்களைக் காட்டி அரசு அதில் நுழைய இயலாது என்றது நீதிமன்றம். இந்து சமய அறநிலையத் துறையின் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கோயில் நிர்வாகத்தில் அரசு பங்கெடுப்பதும், அர்ச்சகர் நியமனத்தில் அரசு ஆணைகள் வருவதும் தமிழ்நாட்டில் பழகிப்போனவை. சாதித் தடையை உடைக்க அந்த அதிகாரம் தேவைப்பட்ட வரலாறு இங்கே உண்டு. அமெரிக்க முறையில் அப்படி ஒரு துறையை எண்ணிப் பார்க்கவும் இயலாது. அரசின் விலகல் என்று அமெரிக்கப் பழமைவாதிகள் சொல்லும்போது எவ்வளவு தூரத்தை நினைக்கிறார்கள் என்பது இந்த ஒப்பீட்டில் விளங்கும்.

விலகல் போதாது, அறிவிப்பும் வேண்டும் என்பவர்களின் போர்க்கொடியாக ஆனது பத்துக் கட்டளைகள். 2005 ஜூன் 27 அன்று உச்சநீதிமன்றம் ஒரே நாளில் இரண்டு தீர்ப்புகளைத் தந்தது. டெக்சஸ் சட்டமன்ற வளாகத்தில் 1961முதல் நிற்கும் கல் நிற்கலாம். கெண்டக்கி நீதிமன்றங்களில் புதிதாக மாட்டிய சட்டகங்கள் கூடாது. இரண்டும் 5–4. இடையில் நின்று முடிவை மாற்றியவர் நீதிபதி ஸ்டீவன் பிரையர். நாற்பதாண்டு யாரையும் பிரிக்காமல் நின்ற கல்லைப் பெயர்ப்பதுதான் பிரிவினையை உண்டாக்கும் என்பது அவர் நோக்கு.

இதற்கு முன்னதாகவே அலபாமாவில் ஒரு பெரிய நாடகம் நடந்துமுடிந்திருந்தது. மாநிலத் தலைமை நீதிபதி ராய் மூர் 2001இல் தம் நீதிமன்றக் கட்டடத்தில் இரண்டரை டன் எடைக்கு மேற்பட்ட பத்துக் கட்டளைக் கல்லை நிறுவினார். அகற்றச் சொன்ன மைய நீதிமன்ற ஆணையை மீறியதால் 2003இல் பதவி இழந்தார். அவர்மேல் வழக்கை நடத்தியவர் மாநிலத் தலைமை வழக்கறிஞர் பில் பிரையர், உறுதியான கத்தோலிக்கர், உறுதியான பழமைவாதி. பத்துக் கட்டளைகளை அவரும் மதித்தார். ஆனால் நீதிபதியே நீதிமன்ற ஆணையை மீறினால் சட்டத்தின் ஆட்சி எங்கே என்று கேட்டார். ஒழுங்கைக் காப்பதே பழமைவாதம் என்றால், அன்று பழமைவாதியாக நடந்துகொண்டவர் பில் பிரையரே.

2022இல் வாஷிங்டன் மாநிலப் பள்ளி ஒன்றின் கால்பந்துப் பயிற்சியாளர், ஆட்டம் முடிந்ததும் மைதான நடுவில் மண்டியிட்டு வேண்டிக்கொண்ட வழக்கில், 6–3 என்று அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. அது தனிமனித வழிபாடு, பள்ளியின் வழிபாடு அன்று என்றது பெரும்பான்மை. மாணவர்மேல் மறைமுக அழுத்தம் இருந்தது என்றது சிறுபான்மை. அத்தோடு, அரசு சமயத்தை நிறுவுகிறதா என்று சோதிக்க 1971முதல் பயன்பட்ட ‘லெமன்’ அளவுகோலைக் கைவிட்டு, இனி வரலாற்றையும் மரபையும் கொண்டே அளக்க வேண்டும் என்று நீதிமன்றம் அறிவித்தது. அதற்குச் சில நாள் முன்னர், ஊரில் உயர்நிலைப் பள்ளி இல்லாத மாணவருக்குத் தனியார் பள்ளிக் கட்டணம் தரும் மெய்ன் மாநிலம் சமயப் பள்ளியை மட்டும் விலக்கக்கூடாது என்றும் தீர்ப்பாகியிருந்தது.

இந்தத் தெம்பில் லூசியானா 2024 ஜூனில் ஒரு சட்டம் இயற்றியது. அரசுப் பள்ளியின் ஒவ்வொரு வகுப்பறையிலும் பத்துக் கட்டளைகள் தொங்க வேண்டும். அளவு குறைந்தது 11க்கு 14 அங்குலம். கெண்டக்கியின் இதே போன்ற சட்டத்தை உச்சநீதிமன்றம் 1980லேயே செல்லாதாக்கியிருந்தது. டெக்சஸும் 2025இல் லூசியானாவின் வழியில் சென்றது. மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூவர் அமர்வு 2025 ஜூனில் லூசியானாச் சட்டம் செல்லாது என்றது. சட்டப் போராட்டம் அத்தோடு ஓயவில்லை.

மரபு என்று சொல்லும்போது எந்த மரபு என்ற கேள்வி இங்கே தவிர்க்க முடியாதது. யூதர், கத்தோலிக்கர், சீர்திருத்தச் சபையார் ஆகியோர் பத்துக் கட்டளைகளை ஒரே வகையில் எண்ணுவதில்லை; மொழிபெயர்ப்புகளும் வேறு. வகுப்பறைச் சுவருக்கு ஏதேனும் ஒரு வாசகத்தைச் சட்டமன்றம் தேர்ந்தெடுத்தாக வேண்டும். இறையியலில் தீர்ப்புச் சொல்லும் வேலை சட்டமன்றத்தின் தலையில் விழுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது வெறும் ஏட்டுச் சிக்கலாக இருக்கவில்லை. பொதுப் பள்ளிகளில் ஜேம்ஸ் மன்னரின் விவிலியத்தையே வாசித்தார்கள். தங்கள் பிள்ளைகளுக்குத் தங்கள் விவிலியம் வேண்டும் என்று கத்தோலிக்கர் கேட்டனர். அந்தப் பகை முற்றி 1844இல் ஃபிலடெல்ஃபியாவில் கலவரமாக வெடித்தது. கத்தோலிக்க ஆலயங்கள் எரிந்தன, பலர் மாண்டனர். கத்தோலிக்கர் தனிப் பள்ளிகளைக் கட்டியெழுப்பியதும், அவற்றுக்குப் பணம் போகாதபடி மாநிலங்கள் தடைகளை எழுதிவைத்ததும் இந்தப் பகையின் தொடர்ச்சியே. அரசுப் பள்ளியில் அரசு நடத்தும் சமயப் பாடத்தால் அன்று அடிபட்டவர்கள் கிறித்தவர்களே, கிறித்தவர் கையாலேயே. லூசியானாச் சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களில் கிறித்தவப் போதகர்களும் இருப்பது அந்த நினைவு முற்றும் அழியவில்லை என்பதைக் காட்டுகிறது.

மூன்றாவது கூட்டத்தின் வளர்ச்சி கடந்த பத்தாண்டுக்கு உரியது. பேட்ரிக் டெனீன் 2018இல் வெளியிட்ட நூல், தனிமனித விருப்பத்தையே தெய்வமாக்கிய தாராளவாதம் தன் வெற்றியாலேயே தோற்றுவிட்டது என்றது. 2019இல் நூலகம் ஒன்றில் குழந்தைகளுக்குப் பெண்வேடக் கலைஞர்கள் கதைசொல்லும் நிகழ்ச்சியைக் கண்டு கொதித்த சொஹ்ராப் அஹ்மாரி, சமய உரிமை வழக்கறிஞரும் எழுத்தாளருமான டேவிட் ஃபிரெஞ்சைத் தாக்கிக் கட்டுரை எழுதினார். எல்லோருக்கும் சமமாகத் திறந்த பொதுவெளி என்ற ஃபிரெஞ்சின் கொள்கை தோல்விக்கான வழி. அதிகாரத்தைக் கையிலெடுத்துப் பொதுநன்மையை நிலைநாட்ட வேண்டும் என்பது அஹ்மாரியின் கட்சி. போதகர் சங்கத்துக்கு அறையைத் திறந்துவிட்ட அதே சட்டம்தான் மற்றவருக்கும் திறக்கிறது. ஒன்றை மூடினால் மற்றதும் மூடும் என்பது ஃபிரெஞ்சின் விடை. ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் ஏட்ரியன் வெர்ம்யூல் 2022இல் இந்தப் பொதுநன்மைக் கொள்கைக்கு அரசியலமைப்புச் சட்ட வடிவம் தந்தார். அதே ஆண்டு யோராம் ஹஸோனியின் அமைப்பு வெளியிட்ட தேசியப் பழமைவாத அறிக்கை, கிறித்தவப் பெரும்பான்மை உள்ள நாட்டில் பொதுவாழ்வு கிறித்தவத்தில் வேரூன்ற வேண்டும், சிறுபான்மையினருக்குத் தங்கள் வாழ்வில் பாதுகாப்பு வேண்டும் என்றது. ஹஸோனி யூத மரபைக் கடைப்பிடிப்பவர்.

ராட் டிரேஹரின் 2017ஆம் ஆண்டு நூல் நேர்மாறான திசையைக் காட்டியது. பண்பாட்டுப் போர் தோற்றாயிற்று. புனித பெனடிக்டின் துறவியரைப்போல் சிறு சமூகங்களைக் கட்டி நம்பிக்கையைக் காப்பதே இனி வேலை என்றார் அவர்.

ஏன் இந்த அவசரமும் இந்தச் சோர்வும் ஒரே நேரத்தில் என்பதற்கு எண்கள் விடை சொல்கின்றன. காலப் நிறுவனக் கணக்கில் வழிபாட்டுச் சபை எதிலேனும் உறுப்பினராக இருந்தவர் 1999இல் 70 விழுக்காடு, 2020இல் 47. பியூ மையத்தின் கணக்கில் தம்மைக் கிறித்தவர் என்று சொல்லிக்கொண்ட பெரியோர் 2007இல் 78 விழுக்காடு, 2023–24இல் 62. எச்சமயமும் சாராதோர் 29 விழுக்காட்டை எட்டியிருக்கிறார்கள். பெரும்பான்மையாக இருந்தவர்களுக்கு நாடு கையைவிட்டுப் போகிறது என்ற அச்சம் உண்மையானது. அதை ஏளனம் செய்வதில் பயனில்லை. ஆனால் அந்த அச்சத்துக்கு மருந்தாக அரசதிகாரத்தை நாடுவதில் உள்ள ஆபத்தும் இதே எண்களிலேயே இருக்கிறது. இன்று உருவாக்கும் அதிகாரம் நாளை சமயம் சாராத பெரும்பான்மையின் கைக்குப் போகும். வகுப்பறைச் சுவரில் எதை மாட்டலாம் என்று தீர்மானிக்கும் உரிமையைச் சட்டமன்றத்துக்குக் கொடுத்தவர்கள், வேறொன்றை மாட்டும் சட்டமன்றத்திடம் என்ன சொல்லித் தடுப்பார்கள்? அண்மைப் பழமைவாத எழுத்தில் இந்தக் கேள்விக்கு நேரான விடையைக் காண்பது அரிது.

முதற்கூட்டத்தின் வாதம் இன்றும் பலன் தருகிறது என்பதற்கு 2025 ஜூனில் வந்த மாஹ்மூத் எதிர் டெய்லர் தீர்ப்பு சான்று. மேரிலாந்தின் மாண்ட்கமரி மாவட்டத்தில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒருபால் உறவும் பாலின அடையாளமும் பேசும் கதைப்புத்தகங்களை வாசிக்கும் நேரத்தில், தம் பிள்ளையை வெளியே இருத்தும் உரிமையைப் பெற்றோர் கேட்டார்கள். வழக்குத் தொடுத்தவர்கள் முஸ்லிம்கள், கத்தோலிக்கர், கிழக்கத்திய மரபுச் சபையார். 6–3 என்று வென்றார்கள். பாடத்தை நிறுத்தச் சொல்லவில்லை. தம் பிள்ளைக்கு விலக்கு மட்டுமே கேட்டார்கள். வெவ்வேறு சமயத்தார் ஒருவர் மற்றவரின் கோட்பாட்டை ஏற்காமலே ஒரே மனுவில் கையெழுத்திட முடிந்தது அதனால்தான். பத்துக் கட்டளைச் சட்டத்துக்கு அத்தகைய கூட்டணி கிட்டாது.

அரசு விலகி நின்றாலே போதும் என்ற பார்வையும், அரசு சமயத்துக்கு ஆதரவு தர வேண்டும் என்ற பார்வையும் நேருக்கு நேர் மோதிய இடம் ஓக்லஹோமா. அங்கே கத்தோலிக்க மறைமாவட்டங்கள் புனித இசிதோர் பெயரில் ஓர் இணையவழிச் சார்ட்டர் பள்ளியைத் தொடங்க முனைந்தன. சார்ட்டர் பள்ளி என்பது தனி நிர்வாகம் நடத்தினாலும் முழுக்க அரசுப் பணத்தில் இயங்கும் பொதுப் பள்ளி. வெளிப்படையாகச் சமயம் கற்பிக்கும் முதல் பொதுப் பள்ளியாக அது அமைந்திருக்கும். குடியரசுக் கட்சியின் ஆளுநர் கெவின் ஸ்டிட் ஆதரித்தார். அதே கட்சியின் தலைமை வழக்கறிஞர் கெண்ட்னர் டிரம்மண்ட் வழக்குத் தொடுத்துத் தடுத்தார். ஒரு சமயத்துக்குத் திறந்த கருவூலத்தை எல்லாச் சமயத்துக்கும் திறக்க வேண்டிவரும், பணத்தோடு அரசின் கண்காணிப்பும் சபைக்குள் வரும் என்பது அவர் கட்சி. மாநில உச்சநீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. நாட்டின் உச்சநீதிமன்றத்தில் நீதிபதி ஏமி கோனி பேரட் விலகிக்கொண்டதால் 2025 மே 22 அன்று 4–4 என்று முடிந்தது. சமநிலைத் தீர்ப்பு முன்மாதிரி ஆகாது. மாநில நீதிமன்றத்தின் தடை மட்டும் நிலைக்கிறது. இதே கேள்வியோடு வேறொரு மாநிலத்திலிருந்து வரும் வழக்கை ஒன்பது நீதிபதிகளும் கேட்கத் தடையேதும் இல்லை.